மலிவு விலை இறக்குமதி கார்பன் பிரேம்: கோவைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி வட்டாரத்தில் விடிவதற்கு முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதமலைக்கும் ஆனைக்கட்டிக்கும் கிளம்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் பலர் இரண்டாம் வருடத்தில் கார்பன் பிரேமுக்கு, அதாவது கார்பன் இழையைப் பிசினோடு அடுக்கடுக்காக இறுக்கிச் செய்த சைக்கிள் சட்டத்துக்கு, ஆசைப்படுகிறார்கள். பெயர்பெற்ற நிறுவனத்தின் பிரேம் விலையைக் கேட்டுத் திகைத்தபின், சீனாவிலிருந்து நேரடியாக வரும் பெயரில்லாத பிரேம்களின் பக்கம் திரும்புகிறார்கள். சைக்கிள் கட்டித் தருவதும் பழுதுபார்ப்பதும் என் தொழில் என்பதால், அதன்பின் எழும் கேள்விகள் என்னிடம் வருகின்றன. இந்தப் பதில்களைப் படிக்கும்போது ஒரு பிரிவினையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அளவுக் குறை வேறு, அடுக்குக் குறை வேறு. துளை பெரிதாகிவிட்டது, பரப்பு சமமாக இல்லை என்பவை அளவுக் குறைகள். பெரும்பாலானவற்றை நம் ஊர் லேத் பட்டறைகளில் சமாளிக்கலாம். உள்ளே இழை சுருங்கியிருக்கிறது, பிசினில் காற்று சிக்கியிருக்கிறது என்பவை அடுக்குக் குறைகள். அவற்றுக்கு இங்கே வைத்தியம் இல்லை.

பெரிய நிறுவனங்களுக்குச் செய்யும் அதே தொழிற்சாலையில்தான் இதுவும் தயாராகிறதாமே?

சில நேரம் உண்மையாகவும் இருக்கலாம். உலகின் கார்பன் பிரேம்களில் பெரும்பகுதி சீனாவிலும் தைவானிலும்தான் உருவாகிறது. ஷியாமென், ஷென்ஜென் நகரங்களைச் சுற்றி இத்தகைய ஆலைகள் நிறைய உண்டு. ஆனால் ‘அதே ஆலை’ என்பதால் ‘அதே பொருள்’ ஆகிவிடாது. எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தக் கோணத்தில் இழை, உள்பக்கம் எவ்வளவு அழுத்தம் என்பதெல்லாம் வாங்குகிற நிறுவனம் கேட்டு, கண்காணித்து, ஒதுக்க வேண்டியதை ஒதுக்கிப் பெறுகிற விஷயங்கள். வார்ப்படத் தொழில் தெரிந்த கோவைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஒரே பேட்டர்னில் நல்ல உலோகத்தையும் ஊற்றலாம், கழிவையும் ஊற்றலாம், பெயிண்ட் அடித்தபின் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பல சிறு விற்பனையாளர்கள் ஒரே பொது அச்சிலிருந்து வந்த பிரேமை வெவ்வேறு பெயரில் விற்கிறார்கள். படம் ஒன்றாக இருப்பதை வைத்துத் தரமும் ஒன்று என்று முடிவு செய்யாதீர்கள்.

டி800, டி1000 இழை என்று விளம்பரத்தில் இருக்கிறது. அது தரத்துக்கு அடையாளம் இல்லையா?

டி700, டி800, டி1000 என்பவை ஜப்பானின் டோரே நிறுவனம் தன் இழைகளுக்கு வைத்த பெயர்கள். டி700 இழையின் இழுவிசை வலிமை சுமார் 4,900 மெகாபாஸ்கல். அதற்கு மேற்பட்டவை இன்னும் வலியவை, விலையும் கூட. ஆனால் ஒரு பிரேம் முழுவதையும் ஒரே வகை இழையால் யாரும் செய்வதில்லை. வலிய இழையைச் சுருக்கத்தோடு அடுக்கினால், சாதாரண இழையை ஒழுங்காக அடுக்கியதைவிட மோசமான பிரேம்தான் கிடைக்கும். வாங்குகிறவர் சோதித்துப் பார்க்க முடியாத எண்ணை விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது எளிது. நான் அந்த எண்ணைப் பார்ப்பதேயில்லை.

சோதனைச் சான்றிதழ் காட்டுகிறார்களே?

எந்தச் சான்றிதழ் என்று பாருங்கள். சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 4210. அதில் பிரேமை பெடல் விசையால் ஒரு லட்சம் சுழற்சி திரும்பத் திரும்ப அழுத்தும் சோதனை, முன்னும் பின்னும் இழுக்கும் சோதனை, எடையைப் போட்டு மோதவிடும் சோதனை எல்லாம் உண்டு. அறிக்கை இருந்தால் கேளுங்கள். அதில் உள்ள மாடல் எண்ணும் பிரேம் அளவும் நீங்கள் வாங்குவதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிரேமுக்கும், முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்குக்கும் தனித்தனி அறிக்கை வேண்டும். முகப்புப் பக்கத்தை மட்டும் அனுப்புகிறவரிடம் மீதிப் பக்கங்களைக் கேட்டால் பாதிப் பேர் காணாமல் போவார்கள். அதுவே ஒரு சோதனை.

சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐயின் முத்திரையைக் காட்டி ‘பாதுகாப்பானது’ என்று சொல்வது வேறொரு தந்திரம். 2011இல் தொடங்கிய அந்த அங்கீகாரம், பிரேமின் வடிவமும் அளவும் பந்தய விதிக்குள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. வலிமைக்கு அது சான்று அல்ல.

பெட்டி வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதையும் மாட்டாதீர்கள். பிறகு வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தோற்கின்றன. பேரிங்கை அழுத்தி ஏற்றியபின், ஃபோர்க் குழாயை வெட்டியபின், ‘பொருத்தும்போது நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்று விற்பனையாளர் சொன்னால் மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

பெட்டியைப் பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். கூரியர் சீட்டும் பெட்டியின் ஆறு பக்கங்களும் அதில் தெரிய வேண்டும். பிரேமையும் ஃபோர்க்கையும் தராசில் வைத்து எடையைப் படம் பிடியுங்கள். சொன்னதைவிட மிகக் குறைவான எடையைக் கண்டு மகிழ வேண்டாம். அடுக்கு எங்கே போனது என்று கேளுங்கள். சீட் குழாய் வழியாகவும் பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்) துளை வழியாகவும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். செல்பேசியில் மாட்டும் சிறு குழாய்க் கேமரா இப்போது மலிவாகவே கிடைக்கிறது. உள்சுவரில் மடிப்பு, தொங்கும் பிளாஸ்டிக் பை, பிசின் கட்டி, வறண்டு தெரியும் இழை ஆகியவற்றைத் தேடுங்கள். உள்ளே விட்டுப்போன பை மட்டுமே இருந்தால் அழகில்லை, ஆபத்தும் இல்லை. குழாய்கள் சேரும் இடத்தில் மடிப்பு இருந்தால் திருப்பி அனுப்பும் பேச்சைத் தொடங்குங்கள்.

அதன்பின் அளவுகள். வெர்னியர் போதாது. துளைக்கு, உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வேண்டும். கணபதியிலும் பீளமேட்டிலும் சிட்கோவிலும் போர் கேஜ் இல்லாத பட்டறையைத் தேடினாலும் கிடைக்காது. ஒரு டீ செலவில் அளந்து தருவார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத வசதி இது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மிதித்தால் பாட்டம் பிராக்கெட்டில் கிறீச்சென்று சத்தம். பேரிங் மாற்றியும் போகவில்லை.

எனக்கு வரும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான். சத்தம் வேறெங்கிருந்தோ வருகிறதா என்று முதலில் பாருங்கள். சீட் போஸ்ட், பெடல் மரை, பின் ஆக்சில், ஹேங்கர் (பின் கியரைத் தாங்கும் துண்டு) திருகு, செயின்ரிங் போல்ட் ஆகியவை எழுப்பும் ஒலி கார்பன் குழாய்க்குள் பரவி, கீழேயிருந்து வருவதுபோலக் காது ஏமாறும். நின்றுகொண்டு மிதிக்கும்போதும் சத்தம் இருந்தால் சீட் போஸ்ட் காரணமில்லை என்று ஒதுக்கிவிடலாம்.

உண்மையிலேயே பாட்டம் பிராக்கெட் என்றால், மலிவு பிரேம்களில் காரணம் அநேகமாகத் துளையின் அளவு. பிபி86 எனப்படும் வகையில் குழாயின் அகலம் 86.5 மில்லிமீட்டர், துளை 41 மில்லிமீட்டர். அதில் அழுத்தி ஏற்றும் கப்புக்குள் 37 மில்லிமீட்டர் வெளிவட்டமுள்ள பேரிங் உட்காரும். துளை பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பெரிதாகிவிட்டால், மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கப் அசையும், கத்தும். துளை முட்டை வடிவமாக இருக்கலாம். இடத் துளையும் வலத் துளையும் ஒரே நேர்கோட்டில் இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் எத்தனை பேரிங் மாற்றினாலும் சில மாதங்களில் தேய்ந்துவிடும்.

ஆகவே பேரிங்கைக் குறை சொல்லுமுன் இரு பக்கத் துளைகளையும் குறுக்காக இரண்டு திசைகளில் அளந்து எழுதுங்கள். துளை சற்றுப் பெரிதாக, ஆனால் வட்டமாகவும் நேராகவும் இருந்தால், வெளிவட்டம் கூடிய அலுமினிய கப்பை லேத்தில் கடைந்து, ஒட்டுத் திரவம் போட்டு ஏற்றலாம். நல்ல டர்னருக்கு இது பெரிய வேலையில்லை. ஆனால் அவரிடம் அளவைச் சொல்லாமல் பிரேமையே கையில் கொடுங்கள். அவர் அளந்து அவர் கடையட்டும். நேர்கோடு சற்று விலகியிருந்தால், இரண்டு கப்புகளும் நடுவில் ஒன்றோடொன்று மரையால் இறுகும் வகை ஓரளவுக்குத் தாங்கும். அதிகம் விலகியிருந்தால் அந்தப் பிரேமுக்கு விடிவில்லை.

துளை சிறிதாக இருந்தால் பலரும் உப்புத்தாளை எடுக்கிறார்கள். வேண்டாம். துளையின் உள்பரப்பில் இருப்பதும் இழைதான். ரீமர் என்ற துளை சீவும் கருவியை விட்டுப் பெரிதாக்கினால் அதையே அறுக்கிறீர்கள். கப்பைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

இன்னும் வாங்கவில்லை என்றால், மரை வெட்டிய உலோகக் குழாய் பதித்த பிரேமைத் தேர்ந்தெடுங்கள். பிஎஸ்ஏ, டி47 என்ற இரண்டு மரை வகைகளில் எதுவானாலும் சரி. சில பத்துக் கிராம் எடை கூடும், இந்தக் கேள்விக்கே இடமிருக்காது.

பின் சக்கரம் ஒரு பக்கம் ஒட்டி நிற்கிறது. டிஸ்க் பிரேக்கும் உரசுகிறது.

வேறொரு நல்ல சக்கரத்தை மாட்டிப் பாருங்கள். அதுவும் அதே பக்கம் ஒட்டினால் குறை பிரேமில். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தோடு வாழலாம். டயர் பிரேமில் உரசும் அளவென்றால் அது மாற்றித்தரப்பட வேண்டிய குறை. நெம்பிச் சரிசெய்யக் கார்பன் இரும்பு அல்ல. பிரேக் பதியும் பரப்பு சமமாக இல்லாதது தனிப் பிரச்சினை; மெல்லிய தகட்டு வாஷர் வைத்தோ, அதற்கென உள்ள கருவியால் லேசாகச் சீவியோ சரிசெய்யலாம்.

ஃபோர்க்கும் அதே பெட்டியில் வந்தது. நம்பலாமா?

பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் பயப்படுகிறோம். பின்பக்கக் குழாயில் விரிசல் விட்டால் பெரும்பாலும் சத்தம் வரும், அசையும், வீட்டுக்கு வந்து சேர நேரம் தரும். ஃபோர்க்கின் ஸ்டியரர் குழாய் (ஹேண்டில்பாரோடு சேரும் மேல்தண்டு) முறிந்தால் ஹேண்டில்பார் கையோடு வந்துவிடும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போதோ, வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதோ அது நடந்தால் யோசிக்கக்கூட நேரமிராது.

ஆகையால் ஃபோர்க்குக்குத் தனிச் சோதனை அறிக்கை இல்லாத பிரேமை வாங்காதீர்கள் என்பேன். வாங்கியாயிற்று என்றால் ஃபோர்க்கை மட்டுமாவது பெயரும் பொறுப்பும் உள்ள நிறுவனத்திடமிருந்து வாங்கி மாட்டலாம்; ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங் தொகுதி) அளவும் ஃபோர்க்கின் நீளமும் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டியரருக்குள் விரிந்து இறுகும் பிளக், ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் இணைப்பு) கவ்வும் இடத்துக்கு நேர் உள்ளே நிற்க வேண்டும். மலிவுப் பெட்டியில் வரும் பிளக்குகள் சில மிகக் குட்டை. நீளமானதை வாங்கிப் போடுங்கள். ஸ்டெம் போல்ட்டை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) இல்லாமல் இறுக்காதீர்கள். அநேக ஸ்டெம்களில் 5 நியூட்டன் மீட்டர் அளவில்தான் எழுதியிருக்கும். கை உணர்வில் இறுக்கும் மெக்கானிக் அதைச் சுலபமாக இரட்டிப்பாக்கிவிடுவார். ஹெட்செட்டை இறுக்கிய பிறகும் ஆட்டம் திரும்பத் திரும்ப வந்தால், கழற்றி ஸ்டியரரை வெளிச்சத்தில் பார்க்காமல் மலைக்குப் போகாதீர்கள்.

கோடு போல ஒன்று தெரிகிறது. பெயிண்ட் விரிசலா, கார்பன் விரிசலா?

நாணயத்தால் தட்டிப் பாருங்கள் என்பது பழைய யோசனை. நல்ல இடத்தில் ‘டிக்’ என்று கூர்மையாகவும், அடுக்குப் பிரிந்த இடத்தில் மந்தமாகவும் ஒலிக்கும். குழாயின் நடுப்பகுதியில் இது உதவும். மூட்டுகளில் தடிமன் மாறிக்கொண்டே இருப்பதால் ஒலியும் மாறும். அங்கே நாணயத்தை நம்பாதீர்கள். கோட்டின் இரு முனைகளிலும் தேதியோடு குறியிட்டு, படம் எடுத்து, சமதளத்தில் மட்டும் சில நாள் ஓட்டிப் பார்க்கலாம். நீண்டால் ஓட்டுவதை நிறுத்துங்கள். கோடு ஃபோர்க்கில் இருந்தால் இந்த ‘ஓட்டிப் பார்க்கலாம்’ பொருந்தாது.

வார்ப்படம் சோதிக்கும் இடத்தில் கொடுத்து ஸ்கேன் செய்யலாமா?

பம்ப்பையும் மோட்டாரையும் சோதிக்க சிட்டார்க் போன்ற நிறுவனமே இருக்கிற ஊரில் இந்த யோசனை வருவது இயல்பு. ஆனால் தடித்த வார்ப்பில் ஓட்டை தேடும் மீயொலிக் கருவியும் அதை இயக்குகிறவரின் அனுபவமும், வளைந்த மெல்லிய கார்பன் சுவருக்குப் பொருந்துவது அரிது. விரிசலில் நிறச்சாயம் ஊற்றிப் பார்க்கும் முறையைக் கார்பனில் செய்யவே வேண்டாம். சாயம் அடுக்குகளுக்குள் இறங்கிவிட்டால், பிறகு பழுதுபார்க்கும் பிசின் ஒட்டாது.

ஃபைபர் வேலை செய்கிறவர் ஒட்டித் தருகிறேன் என்கிறார்.

அவர் கார் பம்பரும் தண்ணீர்த் தொட்டியும் நன்றாகச் செய்வார். அங்கே பயன்படுவது பொதுவாகப் பாலியஸ்டர் பிசினும் துண்டு இழைப் பாயும். பிரேமுக்கு எபாக்சி பிசின் வேண்டும், இழை செல்லும் திசை முக்கியம், பழைய அடுக்கைப் படிப்படியாகச் சரிவாகத் தேய்த்துப் புதியதை ஏற்ற வேண்டும், அழுத்தமும் வெப்பமும் கொடுத்து இறுக வைக்க வேண்டும். மேலே துணி சுற்றிப் பூசினால் பார்வைக்குக் கெட்டியாகத் தெரியும், எடை கூடும், பக்கத்தில் மறுபடி விரிசல் விடும். கார்பன் சைக்கிள் பழுதையே தொழிலாகச் செய்கிறவர்களிடம் அனுப்பினால் மேல்குழாய், பின்குழாய் போன்றவற்றைக் காப்பாற்றலாம். ஸ்டியரரை எவர் ஒட்டித் தந்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டு வருட வாரண்டி என்று எழுதியிருக்கிறார்கள். கவலை எதற்கு?

வாரண்டி நாட்டுக்கு வெளியே இருக்கிறது, பிரேம் இங்கே இருக்கிறது. நடைமுறையில் நடப்பது இது. முதலில் படம் கேட்பார்கள், பிறகு வீடியோ, பிறகு வேறு கோணத்தில் வீடியோ. ‘பொறியாளர் பார்க்கிறார்’ என்று வாரங்கள் போகும். இதற்குள் பணம் செலுத்திய தளத்திலோ அட்டை வங்கியிலோ புகார் செய்யும் கெடு முடிந்துவிடும். எனவே பேச்சு வார்த்தை இனிமையாக நடந்தாலும் கெடுவுக்குள் புகாரைப் பதிந்துவிடுங்கள். தீர்ந்தால் திரும்பப் பெறலாம்.

கடைசியில் ஒத்துக்கொண்டாலும், அனுப்பும் செலவு உங்களுடையது, புதிய பிரேமுக்குச் சுங்கவரி மறுபடியும் உங்களுடையது என்ற வாசகம் நிபந்தனைகளில் எங்காவது இருக்கும். பழைய பிரேமை அறுத்து வீடியோ அனுப்பச் சொல்வதும் உண்டு. மாற்றுப் பிரேமின் கூரியர் எண் கைக்கு வரும்வரை அறுக்காதீர்கள். அந்த மாடல் நின்றுபோயிருந்தால் வேறு அச்சுப் பிரேம் வரும், உங்கள் சீட் போஸ்டும் ஹெட்செட்டும் அதில் பொருந்தாது.

இதனால் வாங்கும்போதே ஹேங்கர் இரண்டு, சீட் போஸ்டை இறுக்கும் ஆப்பு ஒன்று, ஹெட்செட் பேரிங் அளவு எழுதிய குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து வாங்குங்கள். சில நூறு ரூபாய் ஹேங்கர் கிடைக்காமல் பல மாதம் சுவரில் தொங்கிய சைக்கிள்களை நான் பார்த்திருக்கிறேன்.

பில்லில் மதிப்பைக் குறைத்துப் போடச் சொல்லலாமா? எல்லோரும் செய்கிறார்களே.

வேண்டாம். பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைமீதுதான் சுங்கவரி, அதன்மேல் ஜிஎஸ்டி. குறைத்துக் காட்டுவது குற்றம்; பிடிபட்டால் பொருளும் போகும், அபராதமும் வரும். பிடிபடாவிட்டாலும், வழியில் உடைந்தால் இழப்பீடு பில்லில் உள்ள சின்னத் தொகைக்குத்தான். பிற்பாடு வழக்காடினாலும் அதே பில்தான் உங்களுக்கு எதிராகப் பேசும்.

இங்கே உள்ள இறக்குமதியாளரிடம் வாங்கினால் பாதுகாப்பா?

விலை கூடும், அந்தக் கூடுதல் விலைக்குக் கிடைப்பது, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு முகவரி. பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை இருக்க வேண்டும் என்பது விதி. ஜிஎஸ்டி பில்லில் பிரேமின் வரிசை எண்ணை எழுதி வாங்குங்கள். ‘பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்’ என்பவரிடம் வாங்குவதற்குச் சீனாவிலிருந்தே நேரடியாக வரவழைக்கலாம், இரண்டிலும் பாதுகாப்பு ஒன்றுதான்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த விஷயத்தில் நமக்குச் சாதகமானது. விற்றவர் எங்கிருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம்; டெல்லி விற்பனையாளருக்காக டெல்லி போக வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம். குறையுள்ள பொருளால் காயமோ சேதமோ ஏற்பட்டு, தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால், அல்லது அவர் இந்தியச் சட்டத்துக்கு எட்டாத இடத்தில் இருந்தால், விற்றவரைப் பொறுப்பாக்கும் பிரிவும் அதில் உண்டு. பெயரில்லாப் பிரேமுக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. முதலில் எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். பல கடைக்காரர்கள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடுவார்கள்.

வெளிநாட்டு விற்பனையாளருக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினாலும் பணத்தை வசூலிப்பது வேறு கதை. முன்பு பலர் வாங்கிவந்த அலிஎக்ஸ்பிரஸ் செயலியை மத்திய அரசு 2020 நவம்பரில் தடை செய்தபின், ஆலைகளின் சொந்தத் தளங்களிலும் வளைகுடாவில் இருக்கும் உறவினர் மூலமாகவும் வாங்குவது பழக்கமாயிற்று. மச்சான் கையோடு கொண்டுவந்த பிரேமுக்கு வாரண்டி கேட்டு யாரிடம் போவீர்கள்?

ரிம் பிரேக் கார்பன் சக்கரமும் மலிவாகக் கிடைக்கிறது. சேர்த்து வாங்கலாமா?

குன்னூர், கோத்தகிரி இறக்கங்கள் இருக்கிற ஊரில் வேண்டாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் விளிம்பு சூடேறி, பிசின் இளகி, டயரின் காற்றழுத்தத்தில் விளிம்பு விரியும். அலுமினிய விளிம்பு போதும்.

சரி, அதே பணத்துக்கு என்ன வாங்கச் சொல்வீர்கள்?

பிரேமின் விலையோடு சுங்கவரி, அனுப்பும் செலவு, கப் கடைசல், நீளப் பிளக், கூடுதல் ஹேங்கர், நல்ல ஃபோர்க் ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்கு, கோவையிலேயே கடை உள்ள நிறுவனத்தின் நல்ல அலுமினிய பிரேமும் கார்பன் ஃபோர்க்கும் கொண்ட சைக்கிளை நெருங்கிவிடுவீர்கள். எடை ஒரு கிலோ கூடலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே அடிக்கும் ஆடி மாதத்தில் அந்த ஒரு கிலோவை யாராலும் உணர முடியாது. கூட்டிப் பார்த்தபிறகும் கார்பன்தான் வேண்டும் என்றால், மரை உள்ள பாட்டம் பிராக்கெட், வட்டமான 27.2 மில்லிமீட்டர் சீட் போஸ்ட், வெளியே தெரியும் கேபிள் ஆகியவை கொண்ட எளிய மாடலை வாங்குங்கள். உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். பெட்டி வந்ததும் பிரிக்காமல் பட்டறைக்கு எடுத்து வாருங்கள், அங்கேயே வீடியோ எடுத்து அளந்துவிடலாம்.